கஷ்டம் தீரும்வரை காத்திருக்க வேண்டாம்

"கஷ்டமெல்லாம் தீரட்டும், அப்புறம் நிம்மதியா உக்காந்து படிச்சுக்கலாம்." இதைச் சொல்லாதவர்கள் நம் வீடுகளில் குறைவு. மகள் கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், மாமியாருக்கு உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறோம். ஒரு கஷ்டம் விலகுவதற்குள் அடுத்தது வாசலில் வந்து நிற்கிறது. சந்தோஷத்தின் முறை மட்டும் வருவதே இல்லை.

வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்தது இதற்கு நேர்மாறான பாடம். கஷ்டம் உச்சத்தில் இருக்கும்போதுதான் புத்தகமும் சின்னச் சின்னச் சந்தோஷங்களும் மனிதருக்கு அதிகம் தேவைப்படுகின்றன. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது புரிகிறது, பதில் சொல்லத்தான் வாய் வராது.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் பொழுது எப்படிப் போகும் என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும். மாத்திரை, கஞ்சி, உடம்பு துடைத்தல், கைகால் பயிற்சி, படுக்கைப் புண் வந்துவிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், மறுபடி மாத்திரை. வேலை உடம்பை அசத்துவதைவிட, அந்த வேலையைத் தவிர வேறு எதையும் மனசு நினைக்க முடியாமல் போவதுதான் கொடுமை. காய் நறுக்கும்போதும் அதே கவலை, கோயிலில் கும்பிட்டு நிற்கும்போதும் அதே கவலை.

அந்தச் சமயத்தில்தான் கிளை நூலகத்துக்கு மறுபடியும் போகத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் மகன் வீட்டுக்கு வந்து மாமாவோடு இருப்பான். அந்த நேரத்தில் போய்ப் புத்தகம் மாற்றிக்கொண்டு வருவேன். கையில் புத்தகத்தோடு தெருவில் வந்தபோது உறவுக்கார அம்மா ஒருத்தர் என் காதுபடவே சொன்னார்: "ஆளு இப்படிக் கெடக்காரு, இவளுக்குக் கதைபுஸ்தகம் கேக்குதாக்கும்."

இந்தப் பேச்சைப் பல பெண்கள் பல விதத்தில் கேட்டிருப்பார்கள். வெளியிலிருந்து யாரும் சொல்லாவிட்டால் நமக்குள்ளிருந்தே ஒரு குரல் சொல்லும். துக்க வீட்டில் சிரிக்கலாமா, கடன் இருக்கும்போது பூ வாங்கலாமா, அவர் படுத்திருக்கும்போது நாம் படிக்கலாமா என்று அது கேட்கும். அந்தக் குரலுக்குப் பதில் தேடியபோது எனக்கு எங்கள் ஊர்ச் சிறைச்சாலைதான் நினைவுக்கு வந்தது.

செக்கிழுத்தவர் கையில் புத்தகம்

பாளையங்கோட்டைச் சிறையைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் போகிறோம், வருகிறோம். 1908 மார்ச்சில் கைதான வ.உ.சிதம்பரம் பிள்ளையை முதலில் கொண்டுவந்து வைத்தது இங்கேதான். அந்த ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். இடைப்பட்ட காலம் கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் கழிந்தது. கோயம்புத்தூரில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

செக்கிழுத்ததைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதே மனிதர் சிறையில் என்ன படித்தார், என்ன எழுதினார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் சிறு நூல் ஒன்றை அவர் சிறையில் இருந்த காலத்தில் தமிழாக்கினார். அது 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் 1909இல் வெளிவந்தது. கண்ணூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறநூல்களைச் சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்காகவே 'மெய்யறம்' என்ற நூலை எழுதினார். அது 1914இல் அச்சானது.

விடுதலையானபின் காத்திருந்தது வறுமை. அவர் நடத்திய கப்பல் கம்பெனி போயிற்று, வக்கீல் தொழிலுக்கான உரிமமும் போயிற்று. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து குடும்பம் நடத்தப் பார்த்தார். அந்தக் காலத்திலும் திருக்குறளுக்கான பழைய உரைகளில் ஒன்றான மணக்குடவர் உரையைத் தேடிப் படித்து, அறத்துப்பாலை 1917இல் பதிப்பித்தார்.

வ.உ.சி.யைப் பார்த்து, "நாடு இப்படிக் கிடக்கும்போது உமக்குப் புத்தகம் கேட்குதோ" என்று யாராவது கேட்க முடியுமா? அவருடைய உறுதிக்குப் புத்தகமும் ஒரு ஊற்று என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். உடம்பைச் செக்கில் பூட்டலாம். மனசு வள்ளுவரோடு பேசிக்கொண்டிருந்தால் அதைப் பூட்ட முடியாது. அவ்வளவு பெரிய துன்பத்திலேயே அது தவறில்லை என்றால், என் வீட்டில் மதியம் ஒரு மணி நேரம் நான் படிப்பது எப்படித் தவறாகும்? அந்த அம்மாவின் பேச்சு அதற்குப் பிறகு என்னைத் தைக்கவில்லை.

வ.உ.சி. ஒருவர் மட்டுமா? ஹிட்லரின் படையிடமிருந்து தப்ப ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் இரண்டு வருஷத்துக்கும் மேல் ஒளிந்திருந்த சிறுமி ஆன் ஃபிராங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். உணவும் செய்தியும் கொண்டுவந்து கொடுத்த மீப் என்ற பெண் சனிக்கிழமைதோறும் நூலகப் புத்தகங்களும் கொண்டுவருவார். ஒளிந்திருந்த எட்டுப் பேரும் அதற்காகக் காத்திருந்ததை ஆன் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். பிடிபட்டால் மரணம் என்ற நிலையில், தன் உயிரையும் பணயம் வைத்து அந்தப் பெண் சுமந்துவந்த பொருள்களில் புத்தகமும் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மருத்துவம் என்ன சொல்கிறது?

அறிவியல் ஆசிரியை என்பதால், கஷ்டத்தில் இப்படிப்பட்ட சந்தோஷங்கள் ஏன் உதவுகின்றன என்பதையும் தேடிப் பார்த்தேன். மனச்சோர்வு எப்படி வளர்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் எளிமையாக விளக்கினார். துன்பம் வந்ததும் மனிதர் தனக்குப் பிடித்த காரியங்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். பாட்டுக் கேட்பது நிற்கும், கோலம் போடுவது நிற்கும், தோழியோடு பேசுவது நிற்கும். பிடித்த காரியங்கள் குறையக் குறைய மனசுக்குக் கிடைக்கும் சந்தோஷமும் குறையும். மனசு மேலும் சோரும். சோர்ந்த மனசு மிச்சமிருப்பதையும் நிறுத்தும். இப்படியே போனால் ஒரு சுழலில் அகப்பட்டதுபோல் ஆகிவிடும்.

இதை உடைக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. மனசு சரியானபிறகு காரியத்தைத் தொடங்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. காரியத்தை முதலில் தொடங்க வேண்டும், மனசு பின்னால் வரும். எதை, எந்த நாளில், எத்தனை மணிக்குச் செய்வது என்று எழுதிவைத்து, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யச் சொல்லும் சிகிச்சை முறை இன்றும் மனச்சோர்வுக்குத் தரப்படுகிறது. இங்கிலாந்தில் 2013இலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. லேசான மனப் பதற்றம், சோர்வு என்று வருபவர்களுக்கு மருத்துவர்கள் குறிப்பிட்ட சில புத்தகங்களைப் பரிந்துரைப்பார்கள். அந்தப் புத்தகங்களைப் பொது நூலகத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

நான் கண்டுகொண்டதும் இதுதான். "நேரம் கிடைக்கும்போது படிப்போம்" என்று இருந்தவரை ஒரு பக்கம்கூட நகரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவர் கண்ணயர்வார். அந்த நேரத்தில் துணி மடிப்பது, ஒட்டடை அடிப்பது என்று எதையாவது இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருப்பேன். இப்போது இரண்டிலிருந்து மூன்று என் புத்தக நேரம். துணி காத்திருக்கும்.

எந்தப் புத்தகம்?

கஷ்ட காலத்தில் எல்லாப் புத்தகமும் ஒத்துவராது. கவலை நிறைந்த மனசு நீண்ட வாக்கியங்களில் வழுக்கி விழும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்போம். அதனால் சின்ன அத்தியாயங்கள் உள்ள புத்தகமாக எடுங்கள். எனக்குக் கைகொடுத்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. புத்தகத்தின் கனத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்தது அது. ஆகவே ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே அமர்வில் முடியும். நடுவில் கஞ்சி கொடுக்க எழுந்துபோனாலும் இழை அறுந்துபோகாது. ஒரு ஏட்டுச் சுவடிக்காக ஊர் ஊராக அலைந்தவரின் கதையைப் படிக்கும்போது, ஒரு காரியத்தைப் பொறுமையாகச் செய்வது எப்படி என்பது தானாக மனசில் ஊறும்.

சிறுகதைகளும் நல்லவை. எங்கள் ஊர்க்காரர் வண்ணதாசனின் கதையில் பெரிய சம்பவம் எதுவும் நடக்க வேண்டியதில்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பிரியமாக இருந்தால் போதும், கதை நிறைந்துவிடும். முன்பு படித்த புத்தகத்தையே மறுபடி எடுப்பதும் நல்லது. கதை எங்கே போகும் என்று தெரிந்திருப்பது, எதுவுமே நிச்சயமில்லாத நாளில் பெரிய ஆறுதல்.

வாய்விட்டுப் படித்துக் காட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணவர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். அதே மண்ணில் இடைசெவலில் பிறந்தவர் கி.ராஜநாராயணன். அவருடைய 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்த நாவல். தினமும் சாயங்காலம் காப்பி கொடுத்தபின் நாலைந்து பக்கம் படித்துக் காட்டுவேன். முதலில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் என் பக்கம் திரும்பியது. ஒருநாள் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் இடம் வந்தது. அவர் ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கிறதே என்று நினைத்து நிமிர்ந்தேன். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் புத்தகத்தை மூடப் போனால் கையை ஆட்டி "ம்ம்" என்பார், இன்னும் கொஞ்சம் படி என்று அர்த்தம். அவருக்குப் பேச்சு திரும்பவில்லை. ஆனால் சாயங்காலம் எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு பொழுதாகத் திரும்பிவிட்டது.

தேன்சிட்டும் வானொலியும்

புத்தகம் எல்லோருக்கும் உடனே பிடிபடாது. அப்படியானால் வேறு சின்னச் சந்தோஷங்கள் இருக்கின்றன. பனங்கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, காலையில் திருநெல்வேலி வானொலி, ஒரு முழம் பிச்சிப்பூ, தொட்டியில் கற்பூரவல்லி. பெரிய செலவு பிடிக்காத காரியங்கள் இவை. ஒன்றே ஒன்றுதான் நிபந்தனை: செய்யும்போது அதை மட்டும் செய்ய வேண்டும். காப்பியைக் குடித்துக்கொண்டே செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் காப்பி குடித்ததும் தெரியாது.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் துணி காயப்போடும் கொடிக் கயிற்றில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. கூடு கட்டும் வேலையைப் பெரும்பாலும் பெண் பறவைதான் செய்கிறது. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி வலையால் ஒட்டி, தொங்கும் பை மாதிரி செய்கிறது. பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே மழைநீர் உள்ளே விழாமல் ஒரு சின்னத் தாழ்வாரம். எங்கள் ஜன்னல் மூலையில் இருந்த சிலந்தி வலையை அது அலகால் சுருட்டி எடுத்துப் போவதைக் கண்டதும் அந்த மூலையில் ஒட்டடை அடிப்பதை நிறுத்திவிட்டேன். துணியை மாடியில் காயப்போட்டோம். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம். குஞ்சு பொரித்து, வளர்ந்து, பறந்து போகும்வரை அவர் கண் அங்கேயே இருந்தது. கழுத்தைத் திருப்பும் பயிற்சியைச் செய்யச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியதே இல்லாமல் போனது.

முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக ஜெர்மனியில் சிறையில் கிடந்த ரோசா லக்சம்பர்க் தன் தோழிகளுக்கு எழுதிய கடிதங்களில் பறவைகளும் செடிகளும் நிறைய வரும். இலைகளையும் பூக்களையும் உலர்த்தி நோட்டுகளில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்தார். உலகத்தையே மாற்றப் புறப்பட்ட பெண் ஒரு சிறு குருவியின் குரலுக்குக் காதுகொடுத்தார். நம் துன்பம் தொடாத ஒன்று, தன் வழக்கப்படி தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு கொஞ்சம் அகலமாகிறது.

வீட்டுத் துன்பத்தில் மட்டுமல்ல, ஊரே துன்பப்பட்டபோதும் புத்தகம் கைகொடுத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை மீறி நெல்லை ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, செல்போன் வேலை செய்யவில்லை, மாத்திரை தீர்ந்துவிடுமோ என்று பயம். அந்த இரவுகளில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு அவருக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். மழை நிற்கவில்லைதான். ஆனாலும் பயம் மட்டுமே நிறைந்த இரவுகளாக அவை இல்லை.

உங்கள் வரியில் நடக்கும் நூலகம்

புத்தகம் வாங்கக் காசில்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாகாணம் இதுதான். அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்துக்கு அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. நான் வருவதற்குள் எனக்குத் தோதான புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கும் எங்கள் நூலகர் அந்த விதியை அப்படியே வாழ்கிறார்.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனது ஒரு நடமாடும் நூலகம். இன்று நம் மாநிலத்தில் 'நூலக நண்பர்கள்' என்ற திட்டம் இருக்கிறது. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள் ஆகியோரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவருவார்கள். உங்கள் பகுதி நூலகத்தில் விசாரியுங்கள். செல்போனில் படிப்பவர்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஏராளமான நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். புத்தகம் கடனை அடைக்காது, நோயைத் தீர்க்காது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அதற்கு வேண்டியது மருத்துவர். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். புத்தகமும் பூவும் பறவையும் அந்தச் சிகிச்சைக்குத் துணை நிற்கும், அதற்கு மாற்றாக முடியாது.

கடைசியாக, நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறீர்கள், நல்லதுதான். அடுத்த முறை போகும்போது ஒரு மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். "நான் பாத்துக்கிடுதேன், நீ லைப்ரரிக்குப் போயிட்டு வா" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லுங்கள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம்தான். அதைக் கொடுக்க உங்களால் முடியும்.